வெட்டினால் சிவக்கிற கோலாக் கொட்டை: குற்றம் கத்தி மேலா?

கேள்வி (பெருந்துறையிலிருந்து ஒரு வாசகர்)
ஜூலை 6, காலை 10.20

திருப்பூர் காதர்பேட்டைக்கு பனியன் எடுக்க வரும் நைஜீரியா வியாபாரி ஒருவர், அவர்கள் ஊரில் மெல்லுகிற கோலாக் கொட்டை நாலு கொடுத்தாருங்க. உரித்த பலாக்கொட்டை மாதிரி வெளேரென்று இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து அரிவாள்மனையில் நறுக்கினேன். பத்து நிமிடத்தில் வெட்டுவாய் மஞ்சளாகி, அரை மணி நேரத்தில் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. ஓரமெல்லாம் கருப்பு. சரக்கு கெட்டதா, இரும்பு பட்டதால் வந்த வினையா? அம்மா தொடவே விடமாட்டேன் என்கிறார். சாயப்பட்டறை அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்.

பதில்
ஜூலை 6, இரவு 9.45

கெடவில்லை. இரும்புதான் காரணம். துவர்ப்புள்ள எதையும் இரும்பில் வெட்டினால் இப்படித்தான். கடுக்காய்த் தண்ணீரில் ஊறிய துணியை அன்னபேதி என்ற இரும்பு உப்புக் கரைசலில் முக்கினால் கருப்பு ஏறுகிறதே, அதே கதை. எவர்சில்வர் கத்தியால் வெட்டிப் பாருங்கள், சிவக்காது.

இருபத்திரண்டு வருடமாகச் சாயப்பட்டறை லேபில் இருக்கிறேன். அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்.

ஜூலை 7, காலை 6.30

நேற்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். பாதியை மட்டும்.

படுத்த பிறகுதான் உறைத்தது. கத்தரிக்காயை எவர்சில்வர் கத்தியால் வெட்டினாலும் கருக்கத்தான் செய்கிறது. ஆப்பிளைக் கடித்து வைத்தால் பழுப்பாகிறது, பல்லில் ஏது இரும்பு? உங்கள் கொட்டையில் இரண்டு நிறம் வந்திருக்கிறது, கவனித்தீர்களா. நடுவில் செங்கல், ஓரத்தில் கருப்பு. கருப்பு வேண்டுமானால் அரிவாள்மனையின் வேலையாக இருக்கலாம். செங்கல் நிறத்துக்கு வேறு ஆள் இருக்கிறான். அவனோடுதான் நான் தினமும் பட்டறையில் பிழைப்பு நடத்துகிறேன், அதுதான் வெட்கம். நொதி, அதாவது என்சைம்.

வேலைக்குக் கிளம்புகிறேன். மீதி ராத்திரி.

ஜூலை 7, இரவு 10.15

பனியன் துணியில் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பஞ்சு மயிரைத் தின்ன நாங்கள் செல்லுலேஸ் போடுவோம். பயோ பாலிஷ் என்று பில்லில் இருக்கும். 55 டிகிரி, கொஞ்சம் புளித்த பாத் (துணி ஊறும் தண்ணீர்), முக்கால் மணி நேரம். வேலை முடிந்ததும் சூட்டை 80க்கு ஏற்றிக் கொன்றுவிட வேண்டும். மறந்தால் துணியையே தின்னும். வெளுப்பு போட்ட பிறகு மிச்சமிருக்கும் பெராக்சைடை உடைக்க இன்னொன்று, கேட்டலேஸ். பட்டறையில் அதன் பெயர் 'கில்லர்'.

கோலாவில் வேலை பார்ப்பது பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி. கொட்டைக்குள் கேட்டச்சின், எபிகேட்டச்சின், அவை கோத்துக்கொண்டு வரும் டானின் என்ற ஃபீனால் வகைப் பொருள்கள் எல்லாம் தாராளமாக இருக்கின்றன. துவர்ப்பு அவற்றால்தான். இவை இருப்பது செல்லின் நடுவிலுள்ள நீர்ப்பையில். நொதி இருப்பது வேறு அறையில், பச்சையம் முதலானவை இருக்கும் கணிகங்களில். கொட்டை முழுசாக இருக்கும்வரை இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தும் முகம் பார்ப்பதில்லை. கத்தி சுவரை உடைக்கிறது, காற்று உள்ளே வருகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்து நொதி கேட்டச்சினைக் குயினோனாக மாற்றுகிறது. குயினோன் சும்மா இருக்கிற சாதி இல்லை. பக்கத்தில் இருப்பதோடெல்லாம் ஒட்டிச் சங்கிலியாகி, முதலில் மஞ்சள், அப்புறம் ஆரஞ்சு, கடைசியில் செங்கல். பழைய மருந்து நூல்களில் இந்தச் செம்பொருளுக்கே 'கோலாச் சிவப்பு' என்று பெயர் உண்டு.

இதில் ஒரு வேடிக்கை. நான் இரும்பு இரும்பு என்று குதித்தேன் அல்லவா? இந்த நொதியின் நடுவில் உட்கார்ந்திருப்பது செம்பு. உலோகம் உண்டு, ஆனால் கத்தியில் இல்லை, கொட்டைக்குள்ளேயே.

ஜூலை 10, இரவு 8.50

என் கைக்கும் வந்துவிட்டது. நமக்குத் துணி ஆர்டர் தரும் இபோ (நைஜீரியாவின் தென்கிழக்கு மக்கள்) நண்பர் ஒருவரிடம் கேட்டேன், ஆறு கொட்டை கொண்டுவந்தார். நாலு வெள்ளை, இரண்டு இளஞ்சிவப்பு.

டீக்கடை பெஞ்சில் வைத்து ஒன்றை உடைத்தார். உடைப்பதற்கு முன் கையில் பிடித்துக்கொண்டு அவர் மொழியில் ஒரு நிமிடம் என்னவோ சொன்னார். நான் பாதியில் இங்கிலீஷில் ஒரு கேள்வி கேட்டேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார். முடித்த பிறகுதான் விளக்கம்: "கோலாவுக்கு இங்கிலீஷ் புரியாது." அவர்கள் ஊரில் பழமொழி மாதிரியே சொல்வார்களாம். விருந்தாளி வந்தால் வீட்டுக்காரர் முதலில் கோலா வைக்க வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. "கோலா கொண்டுவருகிறவன் உயிரைக் கொண்டுவருகிறான்" என்றும் ஒரு சொலவடை. நம் பக்கம் ஒறம்பரை அழைக்கப் போனால் வெத்தலை பாக்கு வைக்காமல் பேச்சைத் தொடங்க முடியுமா? அதைச் சொன்னேன். ரொம்ப சந்தோசப்பட்டார்.

அவர் உடைத்ததில் நாலு பருப்பு. நாலு அவர்களுக்கு நல்ல சகுனம், அவர்களுடைய வாரத்துக்கு நாலே நாள், ஒவ்வொன்றும் ஒரு சந்தையின் பெயர்: எகே, ஓரியே, அஃபோ, ந்க்வோ. நம் ஊரில் 'செவ்வாய்ச் சந்தை' என்று கிழமையால் சந்தையைக் கூப்பிடுகிறோம், அவர்கள் சந்தையால் கிழமையைக் கூப்பிடுகிறார்கள்.

தாவரப் புத்தகக் கணக்கில் இரண்டு முக்கிய இனம். கோலா அக்குமினாட்டா என்பதில் மூன்று முதல் ஆறு பருப்பு வரை இருக்கும், இபோக்கள் சடங்குக்கு எடுப்பது இதைத்தான். கோலா நிட்டிடாவில் இரண்டே பருப்பு. நைஜீரியாவின் வடக்கே இருக்கும் ஹௌசா மக்கள் 'கோரோ' என்று மென்று தள்ளுவது அது. பெருந்துறைத் தம்பி, உங்களுடையது எத்தனை பருப்பு?

ஜூலை 10, இரவு 9.05

முக்கியமானதை விட்டுவிட்டேன். அவர் கத்தியே எடுக்கவில்லை. நகத்தால் பிளந்து கையால் ஒடித்தார். ஒடித்த இடம் டீ வருவதற்குள் மஞ்சளாகிவிட்டது. கத்தி வழக்கு அத்தோடு தள்ளுபடி.

ஜூலை 14, மாலை 5.30

லேப்பில் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஒரு கூத்து நடத்தினேன். வெள்ளைக் கொட்டை இரண்டைப் பலியிட்டேன். (லேப் பீக்கரில் போட்டதை யாரும் வாயில் வைக்காதீர்கள். நானும் வைக்கவில்லை.)

எவர்சில்வர் கத்தி, பழைய இரும்புக் கத்தி, நைலான் நூல். மூன்றாலும் அறுத்த துண்டுகள் ஒரே வேகத்தில் சிவந்தன. இரும்பால் அறுத்ததில் மட்டும் ஓரத்தில் சாம்பல் கலந்த கருப்புக் கோடு. இன்னொரு துண்டை அரைத்து, கொதிக்க வைத்து, அந்தத் தண்ணீரில் அன்னபேதி ஒரு சொட்டு விட்டேன். கொஞ்ச நேரத்தில் கரும்பச்சை. ஆக அன்றைக்கு நான் சொன்ன கடுக்காய்க் கதை பொய்யில்லை, ஆனால் உங்கள் கேள்விக்கு அது பதிலில்லை.

அடுத்தது சூடு. ஒரு பருப்பை முழுசாக 60 டிகிரி தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டுப் பிறகு வெட்டினேன்: சிவந்தது. 80ல் ஐந்து நிமிடம்: அதுவும் சிவந்தது. கொதிதண்ணீரில் ஐந்து நிமிடம்: ஓரத்தில் கால் விரல்கடைக்கு வெளுப்பாகவே நின்றது, நடுவில் சிவந்தது. செல்லுலேஸ் 80ல் செத்துவிடும், இது கொதியிலேயே பாதி பிழைக்கிறது. பலே ஆள்.

அப்புறம் ஒரு கிறுக்குத்தனம். பெராக்சைடு கையெட்டும் தூரத்தில் இருந்ததா, நீர்த்து ஒரு சொட்டு வெட்டுவாயில் விட்டேன். பொங்கிக்கொண்டு நுரை வந்தது. பட்டறையில் கிலோ கணக்கில் விலை கொடுத்து வாங்கும் 'கில்லர்' கொட்டைக்குள்ளேயே இருக்கிறது! நுரை அடங்கியபோது அந்த இடம் மற்ற இடத்தைவிடக் கருத்துவிட்டது. இதற்கு இன்னொரு கூட்டாளி, பெராக்சிடேஸ். பெராக்சைடை வாங்கி அதை வைத்தே ஃபீனால்களைச் சாயமாக்கும். ஒருவன் பெராக்சைடை உடைத்து வீசுகிறான், ஒருவன் அதையே சம்பாத்தியமாக்குகிறான். ஒரே வீட்டில்.

ஜூலை 15, காலை 7.10

"பலே ஆள்" என்று நான் புகழ்ந்தது தப்பு. காங்கயத்து அண்ணன் ஒருவர் ஒரே வரியில் கேட்டுவிட்டார்: "ஏனுங்க, மஞ்சள் வேகுதான்னு பார்க்க குச்சியில குத்தித்தானே பார்ப்போம்?"

அதுதான். கொட்டை தடிமனான சரக்கு, ஐந்து நிமிடத்தில் சூடு நடுவுக்குப் போகவே இல்லை. தண்ணீர்தான் 80, பருப்பின் நடு என்னவோ 40ஓ 45ஓ. நொதியைச் சோதிக்கிறேன் என்று வெப்பமானியைத் தண்ணீரில் வைத்துவிட்டு நின்றிருக்கிறேன். துணி ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத சரக்கு, பாத் சூடுதான் அதன் சூடு. இருபத்திரண்டு வருடப் பழக்கம் கண்ணை மறைத்துவிட்டது.

ஈரோட்டு மஞ்சளைக் கிழங்கு எடுத்ததும் வேகவைப்பதிலும் இந்த விசயம் கொஞ்சம் இருக்கிறது. முளை சாக வேண்டும், மாவு வேக வேண்டும், நிறம் உள்ளே ஒரே சீராகப் பரவ வேண்டும், கூடவே நொதிகளும் அடங்க வேண்டும். குச்சி சுலபமாக இறங்கினால் வெந்தது என்று கணக்கு. அப்பாருக்கு அது தெரியும், எனக்கு லேப்பில் நின்றும் தோன்றவில்லை.

மெல்லிய சில்லாகச் சீவிக் கொதிநீரில் போட்டுப் பார்க்கிறேன்.

ஜூலை 15, இரவு 9.30

போட்டேன். சீவிய கணமே கொதிநீரில் விழுந்த சில்லுகள் ஒரு நிமிடத்திலேயே அடங்கிவிட்டன; காலையிலிருந்து தட்டில் கிடக்கின்றன, வெளிர் பழுப்புக்கு மேல் போகவில்லை. ஒரே சிக்கல், சீவுவதற்கும் போடுவதற்கும் நடுவில் நான் போனை எடுத்த சில்லு மட்டும் மஞ்சளாகவே வெந்தது.

ஜூலை 18, அதிகாலை 2.50

தூக்கம் வரவில்லை என்பதால் எழுதுகிறேன்.

நேற்று மாலை நாலு மணிக்கு ஒரு பருப்பு முழுசாக மென்றேன். முதல் கடியில் கசப்பு, வேப்பங்கொழுந்து பக்கத்து வீடு. அப்புறம் துவர்ப்பு நாக்கைப் பிடித்து இழுத்தது, வாய்க்குள் யாரோ கம்பளி விரித்த மாதிரி. எச்சிலில் வழுவழுப்பு தரும் புரதங்களை டானின் பிடித்துக்கொள்வதால் வரும் உணர்வு அது. பிறகு தண்ணீர் குடித்தேன், தித்தித்தது. நெல்லிக்காய் தின்றுவிட்டுக் கிணற்றுத் தண்ணீர் குடித்த அதே தித்திப்பு.

காய்ந்த கோலாவில் காஃபீன் சுமார் 1.5 முதல் 3 விழுக்காடு வரை என்கிறார்கள். அராபிகா காப்பிக்கொட்டையில் அது 1.2 அளவில்தான். கூடவே கொஞ்சம் தியோப்ரோமின், சாக்லேட்டில் இருக்கிறதே அது. காஃபீனில் மூன்று மெத்தில், தியோப்ரோமினில் இரண்டு. காப்பிச் செடியிலும் தேயிலையிலும் தியோப்ரோமினுக்கு ஒரு மெத்தில் ஒட்டித்தான் காஃபீனே தயாராகிறது, அதற்கென்று தனி நொதி.

மூளையில் "போதும், படு" என்று சொல்லும் அடினோசின் உட்காரும் நாற்காலியில் இந்தக் காஃபீன் போய் உட்கார்ந்துகொள்கிறது. இப்போது மணி மூன்று. நாற்காலியை விட்டு எழுந்தபாடில்லை.

ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள் விளையாட வேண்டாம். பெருந்துறைத் தம்பி, அம்மா சொன்னதைக் கேளுங்கள், காரணம் வேறாக இருந்தாலும்.

ஜூலை 19, இரவு 8.00

ஒருவர் கேட்டிருக்கிறார்: சிவந்த பிறகு காஃபீன் குறைந்துவிடுமா? குறையாது. பாலிஃபீனால் ஆக்சிடேஸ் காஃபீனைத் தொடாது, அதன் தீனி ஃபீனால் மட்டும். ஆனால் பச்சைக் கொட்டைக்கும் உலர்ந்த கொட்டைக்கும் வித்தியாசம் உண்டு என்று மெல்லுகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள், அதற்கு ஒரு பழங்கதை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பிய வேதியியலார் 'கோலானின்' என்று ஒன்றைக் கண்டு, காஃபீனும் சர்க்கரையும் கோலாச் சிவப்பும் சேர்ந்த ஒரே பொருள் அது, நொதி அதைப் பிரிக்கிறது என்று நினைத்தார்கள். அடுத்த தலைமுறையில் பாரிஸில் கோரிஸ் என்ற மருந்தியலார், பச்சைக் கொட்டையில் காஃபீனும் கேட்டச்சின் வகைப் பொருளும் லேசாகக் கைகோத்திருக்கின்றன என்று காட்டினார். கேட்டச்சின் சிவந்து கெட்டியானதும் கை விட்டுப்போகிறது, காஃபீன் தனியாள் ஆகிறது.

அவரும் பெரோ என்பவரும் பச்சை மூலிகையின் நொதியை அடக்கக் கண்ட வழி எனக்குப் பிடித்தது: மூடிய பாத்திரத்தில் அழுத்தத்தோடு சூடான சாராய ஆவி. உள்ளே இருக்கிற சரக்கைக் கரைத்து விடாமல் நொதியை மட்டும் மயக்கிச் சாகடிப்பது. எங்கள் பட்டறை மேஸ்திரியிடம் சொன்னேன். "சாராயத்துல செத்தவன் நம்ம ஊர்லயும் நிறைய பேர் இருக்கானுங்க" என்றார்.

ஜூலை 20, காலை 6.45

"கோலா என்பது ஆப்பிரிக்கப் பாக்கு" என்று இங்கே இரண்டு பேர் எழுதிவிட்டார்கள். மேட்டுப்பாளையம் பக்கம் பாக்குத்தோப்பு வைத்திருப்பவர் ஒருவர் அதற்கு ஆமாம் போட்டிருக்கிறார். இல்லைங்க.

பாக்கு பனை, தென்னை சாதி. கோலா பருத்திக் குடும்பம். சத்தியமாக. பருத்தி, வெண்டை, செம்பருத்தி, பூவரசு, இலவம், கோக்கோ எல்லாம் ஒரே பெரிய குடும்பத்துக்குள் வருகின்றன, கோலா அதில் கோக்கோவுக்குப் பங்காளி முறை. அந்த நண்பர் பருத்தி பனியனை வாங்கிக்கொண்டு பருத்தியின் சொந்தக்காரனைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், கணக்கு நேர்.

உள்ளே இருக்கும் சரக்கும் வேறு. பாக்கின் கிறுகிறுப்பு அரெக்கோலினால் வருவது, காஃபீன் அதில் இல்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ல் பாக்கைப் புகையிலை சேர்க்காமலேயே புற்றுநோய் தரும் பொருளாக முதல் பிரிவில் வைத்துவிட்டது. தோப்புக்காரர் கோபித்துக்கொள்ளக் கூடாது. எங்கள் அம்முச்சி எழுபது வருடம் போட்டார், ஒன்றும் ஆகவில்லை என்று நானும் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். அவருடைய தங்கச்சிக்கு ஆனது. கன்னத்தில்.

ஒற்றுமை என்று பார்த்தால் துவர்ப்பும் சிவப்பும் மட்டும். இளம்பாக்கைச் சீவி வேகவைத்துக் களி ஏற்றுகிறார்களே, அங்கேயும் டானின்தான் நிறத்துக்கு முதல்.

ஜூலை 20, காலை 7.00

கோலி சோடாவுக்கும் கோலாவுக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்ட தம்பிக்கு: இல்லை. அது கோலிக்குண்டு. கோக்க கோலாவில் 'கோலா' வந்தது இந்தக் கொட்டையால்தான், 1886ல் அட்லாண்டாவில் பெம்பர்ட்டன் என்ற மருந்துக்காரர் போட்ட கூட்டு.

ஜூலை 21, இரவு 10.40

"ஒரே வீட்டில் இரண்டு அறை" என்று 7ஆம் தேதி எழுதினேன். அதைத் திரும்பப் படித்தபோது எங்கள் கட்டுத்தறி ஞாபகம் வந்துவிட்டது. கோலாவை விட்டு விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஏழாவது படித்த வருடம். தாராபுரத்துக்குத் தெற்கே எங்கள் காடு. மழை பொய்த்து, அறுத்த சோளத்தின் மறுதாம்பு முழங்கால் உயரத்தில் வாடி நின்றது. அப்பா சந்தைக்குப் போயிருந்தார். மாட்டை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், நான் பார்க்கவில்லை. முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு செவலைப் பசு உள்ளே போய்விட்டது. நான் போய்ப் பிடித்தபோது நன்றாகத்தான் நடந்து வந்தது. கட்டுத்தறிக்கு வந்து நின்றது, மூச்சு வாங்கியது, கால் மடங்கியது. பால் கறக்கிற நேரம் வரவில்லை, அதற்குள் முடிந்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்து ஐயன் வந்து பார்த்துவிட்டு "சோளத்தட்டு கடிச்சிருக்குது" என்றார். அவ்வளவுதான். அப்பா என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

அது என்ன விசம் என்று எனக்குத் தெரிந்தது கல்லூரியில். இளஞ்சோளத்தில் துரின் என்று ஒரு பொருள். சும்மா இருந்தால் சாது. இலையின் மேல்தோல் செல்களில் இருக்கிறது. அதைப் பிரிக்கும் நொதி அதற்கு உள்ளே இருக்கும் சதைச் செல்களில். மாடு மெல்லும்போது சுவர் உடைகிறது, இரண்டும் சேர்கின்றன, சயனைடு. வாட்டம் கண்ட பயிரிலும் மறுதாம்பிலும் துரின் கூடும். நன்றாக முற்றிக் காய்ந்த தட்டில் அந்தப் பயம் பெரும்பாலும் இல்லை, அதனால்தான் போர் போட்டு வருசம் முழுக்கக் கொடுக்கிறோம். மரவள்ளியிலும் இதே ஏற்பாடு, பொருளின் பெயர் லினமாரின். சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளில் கிழங்கைத் தோல் சீவி அரைத்துக் கழுவிக் கழுவி எடுப்பதில் அதுவும் போய்விடுகிறது. கிழங்குக் காட்டு இலையை ஆடு கடித்தால் மட்டும் பட்டி காலி.

மருந்து உண்டு, சீக்கிரம் கிடைத்தால். மாட்டு டாக்டர் ஊசியில் ஏற்றுவதில் ஒன்று சோடியம் தயோசல்ஃபேட். பட்டறையில் குளோரின் வெளுப்பை முறிக்க நாங்கள் போடும் 'ஹைப்போ' அதேதான். மூட்டை மூட்டையாக என் தலைக்கு மேல் அடுக்கியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அந்த மூட்டையைப் பார்த்தால் செவலையின் முகம்.

சரி. கோலாவுக்கு வருகிறேன். கோலாவில் சேர்வது நிறம், சோளத்தில் சேர்வது சாவு, கட்டிட வேலை ஒரே கொத்தனார்.

ஜூலை 28, மாலை 6.15

எங்கள் அம்மா, நான் தட்டில் வைத்திருந்த சிவந்த சில்லுகளைப் பார்த்துவிட்டு, "வாழைப்பூவுக்குப் பண்ற மாதிரி மோர்ல போட வேண்டியதுதானே" என்றார். வாழைத்தண்டு, வாழைப்பூ நறுக்கினால் மோர்த்தண்ணீரில் போடாத வீடு நம் பக்கம் உண்டா? நான் எலுமிச்சை, உப்பு, வைட்டமின் சி மாத்திரை என்று பட்டியல் போட்டு உட்கார்ந்திருந்தேன், மோரை மறந்தே போனேன்.

மோரும் சேர்த்துப் போட்டேன். உப்புத் தண்ணீர் கொஞ்சம் தாமதப்படுத்தியது, அவ்வளவே. எலுமிச்சை நன்றாகத் தாக்குப் பிடித்தது: புளிப்பு நொதியைச் சோர வைக்கிறது, சிட்ரிக் அமிலம் அதன் செம்பையும் பிடித்துக்கொள்கிறது. மோர் எலுமிச்சைக்கு ஒரு படி கீழே, ஆனால் தண்ணீருக்கு எவ்வளவோ மேல். எல்லோரையும் தோற்கடித்தது வைட்டமின் சி. வெள்ளை வெளேரென்று நிற்கிறது. நொதியைக் கொன்றுவிட்டது.

இந்த ஆட்டத்தில் தடுப்பவர்கள் மட்டுமில்லை, வேண்டும் என்றே சேர்த்து வைப்பவர்களும் உண்டு. வால்பாறைக்குப் போனால் தேயிலைத் தொழிற்சாலையில் பாருங்கள். வாட்டிய இலையை உருளைகளுக்கு நடுவே கிழித்து நசுக்கிக் காற்றாடப் பரப்பி வைக்கிறார்கள். பச்சை செம்பு நிறமாவது கண்ணெதிரே நடக்கும். அதே நொதி, அதே கேட்டச்சின்கள். போதும் என்ற கணத்தில் சூட்டில் தள்ளிவிடுவார்கள். அதற்கு 'நொதித்தல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், உண்மையில் அங்கே ஈஸ்ட்டும் இல்லை பாக்டீரியாவும் இல்லை. கிரீன் டீ என்றால் முதலிலேயே சூடு காட்டி நொதியை முடித்துவிடுவது.

பொள்ளாச்சிக்காரர்களுக்கு இன்னொன்று. இளநீரை வெட்டிப் பாட்டிலில் ஊற்றி வைத்தால் கொஞ்ச நேரத்தில் இளஞ்சிவப்பு ஏறுகிறதே, கலப்படம் என்று சண்டைக்குப் போகாதீர்கள். அதிலும் இந்த ஆக்சிடேசும் பெராக்சிடேசும் இருக்கின்றன.

ஜூலை 28, இரவு 9.20

வைட்டமின் சி துண்டும் சிவந்துவிட்டது.

ஆகஸ்ட் 4, காலை 8.30

போன வாரத்துத் தோல்விக்கு விளக்கம். "கொன்றுவிட்டது" என்று நான் எழுதியதுதான் தப்பு. வைட்டமின் சி பெரும்பாலும் நொதியைக் கொல்வதில்லை. நொதி கேட்டச்சினைக் குயினோனாக மாற்ற மாற்ற, இது அதைத் திரும்பக் கேட்டச்சினாக்கிக் கையில் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. ஒருவன் குழி தோண்டுகிறான், ஒருவன் மூடுகிறான். மூடுகிறவனிடம் மண் தீர்ந்ததும் குழி தெரிகிறது. மூன்று மணி நேரம் மண் இருந்தது.

சாயப்பட்டறை மொழியில், பாத்தில் டோசிங் (மருந்து சேர்ப்பது) நின்றுபோனது.

ஆகஸ்ட் 4, காலை 8.45

இரண்டு இளஞ்சிவப்புக் கொட்டைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்தச் சிவப்பு வேறு, வெட்டினால் வரும் சிவப்பு வேறு. முன்னது ஆந்தோசயனின், நாவல்பழத்தின் வகையறா, முழுக் கொட்டையிலேயே இருக்கும். எலுமிச்சை பிழிந்தால் பளிச்சென்று ஆகிறது, சோடா உப்பில் நீலம் தட்டிப்போகிறது. வெட்டுவாய்ச் சிவப்பு இரண்டுக்கும் அவ்வளவாக அசையவில்லை. என் பையன் இதைப் பார்த்துவிட்டு மிச்சமிருந்த இளஞ்சிவப்பை ஸ்கூலுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டான், கணக்கில் ஒன்று குறைந்தது.

ஆகஸ்ட் 11, இரவு 9.10

பச்சையாக எப்படி மாதக்கணக்கில் வைக்கிறார்கள் என்று நண்பரிடம் கேட்டேன். பச்சை இலை. கூடையில் இலை விரித்து, கொட்டை அடுக்கி, மேலே இலை, அவ்வப்போது பிரித்துக் கெட்டதைப் பொறுக்கிவிட்டு இலை மாற்றிக் கட்டுவது. ஈரம் போகாமல், புழுங்கி அழுகாமல். காட்டுப் பகுதியில் விளைந்தது கழுதையிலும் தலைச்சுமையிலும் இன்றைய கானாவிலுள்ள சாலகா சந்தை வழியாக வடக்கு நைஜீரியாவின் கானோ நகரம் வரை போனதெல்லாம் இந்த இலைக்கட்டில்தான். காய்ந்துவிட்டால் உள்ளே செல்கள் சுருங்கிச் சுவர் போய்விடும், முழுக் கொட்டையே பழுப்பாகிவிடும், மெல்லுகிறவன் விலை கொடுக்கமாட்டான்.

என்னிடம் இன்னும் ஒரு வெள்ளை இருக்கிறது. வாழையிலையில் சுற்றி, நாலு நாளைக்கு ஒரு தரம் இலை மாற்றி, அம்மாவின் அரிசிப்பானை பக்கத்தில் வைத்திருக்கிறேன். வெத்தலைக் கவுளிக்கு அம்முச்சி செய்த வேலைதான், ஈரத்துணிக்குப் பதில் இலை.

ஆகஸ்ட் 18, காலை 7.20

பெருந்துறைத் தம்பி தனியாக எழுதியிருக்கிறார்: அவருடையது இரண்டு பருப்புக் கொட்டையாம். மீதமிருந்ததைச் சீவி மோரில் போட்டு, வெளுப்பாகவே இருந்ததை அம்மாவிடம் காட்டியிருக்கிறார். "இப்ப மட்டும் என்ன, திங்கிற சாமானா?" என்று கேட்டாராம்.

ஆகஸ்ட் 25, இரவு 8.35

கடைசிக் கொட்டையைப் பிரித்தேன். மேலே குத்தூசி அளவுக்கு ஒரு ஓட்டை. ஒடித்தால் உள்ளே தூளும், மூக்கு நீண்ட ஒரு பழுப்பு வண்டும். கோலாவுக்கென்றே ஒரு கூன்வண்டு உண்டு, கொட்டைக்குள்ளேயே வளர்ந்து துளைத்துக்கொண்டு வெளியே வரும். நம் அரிசி வண்டுக்கு அண்ணன் மாதிரி இருக்கிறது. அது போன பாதை நெடுக, கத்தி படாத இடத்தில், இரண்டு பக்கமும் அதே செங்கல் நிறக் கோடு.

வண்டு, தூள், இலை எல்லாவற்றையும் சேர்த்துக் கொதிதண்ணீரில் போட்டு அரை மணி நேரம் கிளறிவிட்டுத்தான் கொட்டினேன். உங்களிடம் கொட்டை இருந்தாலும் தோட்டத்தில் வீசாதீர்கள், வெளிநாட்டுப் பூச்சி. அம்மா இன்னும் அரிசிப்பானையைத் துளாவிக்கொண்டிருக்கிறார்.